சுவருக்குள் ஓடும் ஒயர்

அத்தியாயம் 9

“எம் புள்ளைய மாட்டிவுட்ட கை வெளங்காமப் போவணும்!”

செல்வி வாசலில் குனிந்து ஒரு பிடி மண்ணை வாரிப் பக்கத்து வீட்டை நோக்கித் தூற்றினாள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. சாபத்தில் பாதி என் சட்டைமேல் விழுந்தது. நான் ஒரு பாவமும் அறியாதவன். துப்பறியும் சைதா மேடத்தின் உதவியாளன், பெயர் அந்தோணி. அன்று காலைதான் இஸ்திரி போட்ட சட்டை.

“மேடம், பார்சல் அட்ரஸ் மாறி வந்துடுச்சு,” என்றேன்.

சைதா மேடம் சிரிக்கவில்லை. பழவேற்காட்டில் வலையும் கயிறும் விற்கிற குடும்பத்தில் பிறந்தவர். சிக்கு எடுப்பது பரம்பரைத் தொழில் என்பார். யாராவது கோபத்தில் கத்தும்போது அவர் கத்துகிறவர்களைப் பார்க்க மாட்டார், கத்தல் எந்தத் திசையில் போகிறது என்று பார்ப்பார். இப்போதும் பக்கத்து வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆரம்பாக்கத்தில் ரயில் கேட்டைத் தாண்டி, நெல் வயலை ஒட்டி இருக்கிறது அந்த மாடி வீடு. ஒரே வீடுதான். ஆனால் நட்டநடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் காலஞ்சென்ற குப்புராஜின் மனைவி செல்வியும் மகன் குணாவும். அந்தப் பக்கம் குப்புராஜின் தம்பி சடையப்பன் குடும்பம். பாகம் பிரித்த நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது, ஏச்சு மட்டும் உண்டு.

கேஸ் இதுதான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரப்பர் ஷீட் தொழிற்சாலை. குணா அங்கே தொழிலாளர் பாதுகாப்பு சூப்பர்வைசர். தொழிற்சாலை மேனேஜருக்குப் பெயரில்லாத மிரட்டல் மெயில்கள் வந்தன. ‘பாய்லர் ரூமைப் பத்திரமாகப் பூட்டி வை. அடுத்தது அதுதான்.’ போலீஸ் தேடிப் பார்த்ததில் மெயில்கள் கிளம்பிய இடம் குணா வீட்டு இன்டர்நெட் கனெக்‌ஷன். குணாவுக்குப் பதவி உயர்வு கிடைக்காத கடுப்பு வேறு ஊரறிந்த விஷயம். காலையிலேயே ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் வேறு பெயர் கிடைக்கவில்லை என்றால் ரிமாண்ட் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார்.

“யாராவது உங்க வைஃபைய திருட்டுத்தனமா யூஸ் பண்ணியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“அத்தத்தான் தம்பி நாங்களும் சொன்னோம்,” என்றாள் செல்வி. “மொத மெயில் வந்தப்ப பாஸ்வேர்ட மாத்துனான். ரெண்டாவது வந்தப்ப வைஃபையவே நிறுத்திட்டான். அப்புறமும் மூணாவது வந்துச்சு. அப்ப ஊட்ல நெட்டு இருந்தது மாடியில அவன் கம்ப்யூட்டர்ல மட்டுந்தான். அதுக்கு மேல இன்னா சொல்றது? கதவ சாத்திக்கினு உள்ள இருந்தவன்தான் திருடன்னு ஆயிடுச்சு.”

போலீஸ் பக்கத்தில் நியாயம் இருந்தது. அதுதான் பேஜாரு.

“யார் மேலம்மா சந்தேகம்?” என்று மேடம் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள்போல் செல்வி சுவரைக் காட்டினாள். “அந்த சடையப்பன்தான்! எம்புள்ள ஜெயிலுக்குப் போற அன்னிக்கு ஆயிரம் வாலா சரவெடி வெடிப்பேன்னு டீக்கடையில சொல்லிகினு கீறான். நெசமாவே வாங்கியும் வெச்சிட்டான் மேடம். ஊத்துக்கோட்டை சந்தையில.”

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்ததே பழிவாங்கும் கேஸ்தான். டப்புக்காகத் தப்பு செய்கிறவன் யோசித்துச் செய்வான், நம் பிராணனை வாங்குவான். பழிக்காகச் செய்கிறவனுக்கு வயிறு எரிந்துகொண்டே இருக்கும். எரிகிற வயிறு ரொம்ப நேரம் சும்மா இருக்காது. எங்காவது ஓரிடத்தில் அவசரப்படும்.

“உள்ள போலாம்,” என்றார் மேடம்.

கூடத்தில் டி.வி.க்குப் பக்கத்தில் இன்டர்நெட் ரவுட்டர் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயர் சோப்பு டப்பா சைஸில் ஒரு கறுப்புப் பெட்டிக்குப் போனது. பெட்டியின் இன்னொரு பக்கத்தில் கேபிள் டி.வி. ஒயர் திருகி மாட்டியிருந்தது.

“இது இன்னா மேடம், டி.வி.க்கு வயித்து வலியா? மருந்து ஏத்தறாங்க?”

“கோஆக்சியல் அடாப்டர். கேபிள் டி.வி. ஒயர்லயே நெட்டையும் ஓட்டுறது. கீழ ஒரு பெட்டி, மாடியில ஒரு பெட்டி. நடுவுல செவுத்துக்குள்ள ஏற்கெனவே போற டி.வி. ஒயர். புதுசா ஒயர் இழுக்க வேணாம்.”

“மாடியில வைஃபை எடுக்கலைன்னு குணாதான் வாங்கி மாட்டுனான்,” என்றாள் செல்வி. “புதுசா ஒயர் இழுக்கணும்னா சாமி ரூம் செவுத்துல ஓட்டை போடணும்னான். நான் வுடல. அப்புறம்தான் இந்தப் பெட்டி வந்துச்சு.”

“போலீஸ் இத பாக்கலையா?” என்று கேட்டேன்.

“பாத்தாங்க. டி.வி. பெட்டின்னு வுட்டுட்டாங்க.”

மேடம் மாடிக்குப் போனார். குணாவின் அறை. மேசைமேல் கம்ப்யூட்டர், பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு கறுப்புப் பெட்டி. நான் கீழேயே நின்றேன். மேடம் மாடியிலிருந்து குரல் கொடுத்தார்.

“அந்தோணி! இங்க இருக்கிற பெட்டிய பிடுங்கிட்டேன். அங்க கேபிள் லைட் எரியுதா?”

“எரியுது மேடம்.”

“நல்லா பாரு. என் பெட்டிக்கு கரண்டும் இல்ல, கேபிளும் இல்ல. இப்ப?”

“இப்பவும் எரியுது. பச்சைப்பசேல்னு.”

பிறகு மேடம் படியிறங்கி வந்தார். கையில் மாடிப் பெட்டி. முகத்தில் பல நாள் பட்டினி கிடந்தவருக்குப் பிரியாணி வாசனை வந்த மாதிரி ஒரு களை.

“அந்தோணி, ஒரு கை தட்டினா ஓசை வருமா?”

“என் கன்னத்துல தட்டினா வரும் மேடம்.”

“இந்த லைட்டும் அப்பிடித்தான். ஒயரோட மறுமுனையில இன்னொரு பெட்டி இருந்து பதில் சொன்னாத்தான் எரியும். தனியா இருந்தா அணைஞ்சிடும். மறுமுனை இப்ப என் கையில இருக்கு. அப்ப இது யாரு கூட பேசிகினு இருக்குது?”

நான் பச்சை விளக்கைப் பார்த்து வாயைப் பிளந்தேன். செல்விக்கு எதுவும் புரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்து அவளும் நெஞ்சில் கை வைத்தாள்.

“மூணாவது பெட்டி ஒண்ணு இருக்குது,” என்றார் மேடம். “செல்விம்மா, இந்த கேபிள் ஒயர் எங்க எங்க போவுது?”

செல்வி யோசித்தாள். யோசிக்க யோசிக்க அவள் முகம் மாறியது. “ஊடு கட்டுனப்ப எங்க ஊட்டுக்காரரு செவுத்துக்குள்ளயே பதிச்சிட்டாரு மேடம். தெருக் கம்பத்துலேர்ந்து ஒண்ணா வரும். மாடிச் செவுத்துல ரெண்டாப் பிரியும். ஒண்ணு எங்களுக்கு. ஒண்ணு…”

“அந்தப் பக்கத்துக்கு.”

“ஆமா.”

“பாகம் பிரிக்கிறப்ப அத வெட்டலையா?” என்று நான் கேட்டேன். “வேப்பமரத்தக்கூட ரெண்டா அறுத்தீங்களாமே!”

செல்விக்கு வெட்கம் வந்தது. “வெட்டத்தான் கொத்தனாரு கத்திய எடுத்தாரு. அப்பப் பாத்து சீரியல்ல கல்யாணம். ‘ஐயோ, தாலி கட்டட்டும், அப்புறம் வெட்டு’ன்னு நானும் சொன்னேன், என் ஓரகத்தியும் சொன்னா. மறுநாளும் கல்யாணம் முடியல. கொத்தனாரு போயிட்டாரு. அப்பிடியே வுட்டுட்டோம். செட்டாப் பாக்ஸ் ரெண்டு, ஒயரு ஒண்ணு.”

நிலம், கிணறு, அம்மிக்கல் எல்லாவற்றையும் பிரித்த இரண்டு ஓரகத்திகளும் கடைசியாக ஒத்துப்போனது அந்தத் தாலி விஷயத்தில்தான் போலிருக்கிறது. அதற்குப் பிறகு சுவர் ஆள் உயரத்துக்கு எழும்பியது, அதற்கு மேலும் கண்ணாடிச் சில்லு பதித்தார்கள். ஆனால் வீட்டுச் சுவருக்குள் ஒரு ஒயர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நல்ல பிள்ளையாக ஓடிக்கொண்டிருந்தது.

மேடம் அடுத்த கேள்விக்குப் போனார். “இந்தப் பெட்டியோட ஒரு சின்ன பித்தளைத் துண்டு வந்திருக்கும். கட்டைவிரல் அளவு, ரெண்டு பக்கமும் திருகி மாட்டுற மறை. அது எங்க?”

“அது எதுக்கு?”

“அதான் வாட்ச்மேன். ஒயர் பிரியிற இடத்துல மாட்டணும். டி.வி.ய உள்ள வுடும், உங்க நெட்ட வெளிய வுடாது. அது இல்லன்னா அந்தப் பக்கம் யார் ஒரு பெட்டிய வாங்கி மாட்டினாலும் உங்க ஊட்டுக்குள்ள உக்காந்த மாதிரிதான். பாஸ்வேர்டு போட்டு பூட்டலாம். உங்க புள்ள அதையும் செய்யல.”

“மிச்சம் வுழுந்த சாமான்னு நெனச்சிருப்பான்…”

“அட்டைப்பெட்டி எங்க?”

செல்வியின் கண் சுவர்ப் பக்கம் போய் வந்தது.

“அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுட்டீங்களா?” என்றேன். “தெருவுக்கு தெனம் குப்பை வண்டி வருதேம்மா!”

“வருது. ஆனா வண்டியில போட்டா மனசு ஆறுமா தம்பி? அவங்களும்தான் போடுறாங்க. முட்டை ஓட்ட, மீன் செதில. குணா மொட்டை மாடியிலேர்ந்து வீசுனான். நேரா அவங்க வத்தல் மேல போய் வுழுந்துச்சு.” பெருமையாகச் சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுச் சாவியைப் பொட்டலம் கட்டி எதிராளி மடியில் போட்டிருக்கிறார்கள். அந்த அட்டைமேலேயே படம் போட்டு எழுதியிருக்கும், இந்தப் பித்தளைத் துண்டை மாட்டாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் நுழையலாம் என்று.

“அப்ப சடையப்பன்தான்!” என்றாள் செல்வி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். “நான் போறேன். அந்த ஆளு குடுமிய அறுத்துக்கினு வரேன்.”

சடையப்பனுக்கு முழு வழுக்கை என்பதைப் பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

“இருங்க,” என்றார் மேடம். “போய்க் கேட்டா பெட்டிய கழட்டிக் கெணத்துல போட்டுடுவாங்க. கையும் களவுமா புடிக்கணும். உங்களுக்கு நல்லாக் கத்த வருமா?”

இதைவிடத் தேவையில்லாத கேள்வி ஒன்றை மேடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

திட்டம் எளிமையானது. செல்வி வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி ஒரு பொய் சொல்ல வேண்டும். நான் தெருவில் நின்று பக்கத்து வீட்டிலிருந்து யார் யார் வெளியே வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மேடம் கூடத்தில் உட்கார்ந்து அந்தப் பச்சை விளக்கைப் பார்ப்பார். அதற்கு முன்னால் இன்ஸ்பெக்டருக்கு ஒரு போன். குணாவை அவர் கண்ணெதிரே வைத்திருக்க வேண்டும், போனைத் தொட விடக்கூடாது.

செல்வி வாசலுக்குப் போனாள். மூச்சை இழுத்தாள்.

“எம் புள்ளைய வுட்டுட்டாங்கடீ! வந்துட்டான், ஊட்டுக்கு வந்துட்டான்! குளிச்சிக்கினு கீறான்! தப்பு இல்லன்னு போலீசே சொல்லிடுச்சி! நாளைக்கி வேலைக்கிப் போறான்! எவன் எவன் வயிறு எரியுதோ, போய்த் தண்ணி ஊத்திக்கோங்க!”

வயலில் நின்ற கொக்குகள் பறந்தன. பக்கத்து வீட்டுக் கதவு படாரென்று திறந்தது. சடையப்பன் வந்தார். கையில் நிஜமாகவே ஒரு வாலா பொட்டலம். பின்னாலேயே அவர் மனைவி.

“இந்தாம்மா! யாரப் பாத்து வயிறு எரியுதுன்ற?”

“பேரச் சொன்னனா? எரியறவன் வரான்!”

“உம் புள்ளைய வுட்டா இன்னா, நாளைக்கே திரும்பப் புடிப்பாங்க! நான் வாங்குன வெடி வீணாப் போவாது!”

இரண்டு பக்கமும் பழைய கணக்கையெல்லாம் எடுத்து வீசினார்கள். கிணறு, வேப்பமரம், கல்யாணத்துக்கு வைக்காத பத்திரிகை. நான் தெருவில் நின்று தலை எண்ணினேன். சடையப்பன் வெளியே. அவர் மனைவி வெளியே. அவர்கள் மகன் காக்களூரில் ஷிப்டில் இருக்கிறான் என்று செல்வி முன்பே சொல்லியிருந்தாள். சடையப்பனின் இரண்டு கையும் வெடிப் பொட்டலத்தைப் பிடித்திருந்தன. அதை ஆட்டி ஆட்டி அவர் பேசிக்கொண்டிருந்தார்.

“அந்தோணி!” உள்ளேயிருந்து மேடத்தின் குரல். “லைட்டு துடிக்குது. யாரோ இப்ப யூஸ் பண்றாங்க. சடையப்பன் எங்க?”

“என் எதிர்ல, மேடம்! மூஞ்சில எச்சில் தெறிக்குது!”

மேடம் வாசலுக்கு வந்தார். சடையப்பனைப் பார்த்தார், அவர் மனைவியைப் பார்த்தார், இரண்டு பேருடைய கைகளையும் பார்த்தார். அந்த நேரத்தில் மேடத்தின் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர்.

“மேடம், கம்பெனி மேனேஜர் இப்பதான் லைன்ல வந்தாரு. இன்னொரு மெயில் வந்திருக்காம். ‘என்னை விட்டுவிட்டார்கள், இனி யாரும் தப்ப முடியாது’ன்னு. குணா என் எதிர்ல உக்காந்து டீ குடிச்சிக்கினு கீறான். போன் என் மேசை டிராயர்ல.”

“குணா இல்லன்னு இப்ப நம்புறீங்களா சார்?”

“நம்பித்தான ஆவணும். யாரு மேடம் அது?”

“கூட்டிகினு வரேன்,” என்று மேடம் போனை வைத்தார்.

வயிற்றெரிச்சல் அவசரப்படும் என்று நான் சொன்னேன் இல்லையா? குணா வீட்டுக்கு வந்துவிட்டான் என்று நம்பி, அவன் தலைமேலேயே இன்னொரு மெயிலைப் போட்டிருக்கிறார்கள். அவனை மாட்டிவிட எய்த அம்பு அவனை அவிழ்த்துவிட்டது. ஆனால் எய்தது யார்?

“வூட்ல வேற யாருங்க இருக்காங்க?” என்று மேடம் சடையப்பனிடம் கேட்டார்.

“எம் மருமவ காயத்ரி மட்டும்தான். நீங்க யாரு அத்த கேக்க?”

மேடம் அவரைத் தாண்டி உள்ளே போனார். நான் பின்னால் ஓடினேன். சண்டை பாதியில் நின்றுபோன அதிர்ச்சியில் மற்ற மூன்று பேரும் எங்கள் பின்னால் வந்தார்கள். செல்வி அந்த வாசற்படியை மிதித்து எத்தனையோ வருஷம் ஆகியிருக்கும். அவளுக்கே அது உறைக்கவில்லை.

காயத்ரி மாடியறையில் இருந்தாள். டி.வி.க்குப் பின்னால் செட்டாப் பாக்ஸ், அதை ஒட்டி அதே கறுப்புப் பெட்டி. மடியில் பழைய லேப்டாப். எங்களைப் பார்த்ததும் மூடக்கூட இல்லை.

“பொய்யா?” என்று கேட்டாள். “குணா இன்னும் வரலையா?”

“வரல,” என்றார் மேடம்.

“எனக்குத் தோணுச்சு. அனுப்புன உடனே தோணுச்சு. அவன் வந்திருந்தா பைக் சத்தம் கேட்டிருக்கணும்.” லேப்டாப்பை மூடிக் கட்டிலில் வைத்தாள். “ஆத்திரத்துல வுட்டுட்டேன்.”

சடையப்பனின் கையிலிருந்து வாலா பொட்டலம் நழுவியது. ஒரு கணம் அவர் முகத்தில் மருமகளைப் பற்றிய பெருமை எட்டிப் பார்த்ததை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

“எங்களுக்கோசரமாம்மா இத்த செஞ்ச?”

“உங்க செவுத்து சண்டைக்கும் எனக்கும் இன்னா மாமா சம்பந்தம்? அந்த வேப்பமரத்த நான் பாத்ததுகூட இல்ல.”

செல்வி கையை ஓங்கிக்கொண்டு முன்னால் பாய்ந்தாள். நான் குறுக்கே விழுந்தேன். “ஏன்டீ! எம் புள்ள உனக்கு இன்னாடீ துரோகம் செஞ்சான்?”

“எந் தம்பி பார்த்திபன ஞாபகம் கீதா பெரியத்தே?”

செல்வியின் கை அந்தரத்தில் நின்றது.

“உங்க புள்ள வேலை பாக்குற அதே கம்பெனிதான். கான்ட்ராக்ட்ல இருந்தான். ரப்பர் ரோலருக்கு முன்னாடி ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும், கை உள்ள போவாம. அன்னிக்கு அது இல்ல. சோத்துக் கை போச்சு. மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணும் இல்ல.” காயத்ரி அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். “விசாரணையில குணா இன்னா சொன்னான் தெரியுமா? தடுப்ப இவனே கழட்டிட்டான், நான் வேணாம்னு சொன்னேன், கேக்கலன்னு. முடிஞ்சிபோச்சு. எந்த ஆபீசுக்குப் போனாலும் உந் தம்பி தப்புன்றாங்க. ஊர்ல அவன இன்னான்னு கூப்புடுறாங்க தெரியுமா? தன் கைய தானே துண்ணவன்னு.”

“அவன்தான் கழட்டியிருப்பான்,” என்றாள் செல்வி. “எம் புள்ள பொய் சொல்ல மாட்டான்.”

“இல்ல பெரியத்தே. எந் தம்பி மொத நாள்லேர்ந்து ஒரே வார்த்தைதான் சொல்றான். குணாதான் கழட்டச் சொன்னான்னு. ஒருத்தரும் நம்பல. எங்கப்பாவே நம்பல.” அவள் குரல் இப்போதுதான் உடைந்தது. “கல்யாணத்துக்கு முன்னாடி நான் காக்களூர்ல எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில போர்டு டெஸ்டிங்ல இருந்தேன். அந்த அட்டைப்பெட்டி வத்தல் மேல வுழுந்தப்ப, எடுத்துப் படிச்சேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். குணா உண்மையச் சொல்லணும், ஒருத்தரும் நம்பக் கூடாது. ஒரு நாளாவது அப்பிடி உக்காரணும். எந் தம்பி உக்காந்துகினு கீற மாதிரி.”

கேலி பேசுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தச் சம்பளத்தை அன்று நான் சம்பாதிக்கவில்லை.

“காலையில மண்ண வாரித் தூத்துனீங்க. மேலேர்ந்து கேட்டுகினுதான் இருந்தேன்,” என்றாள் காயத்ரி. “கை வெளங்காமப் போவணும்னீங்க. எங்க ஊட்ல ஒண்ணு ஏற்கெனவே போயிடுச்சி பெரியத்தே.”

செல்வி கையை இறக்கினாள். படியிறங்கிப் போனாள்.

“உன்ன என்னால காப்பாத்த முடியாதும்மா,” என்றார் மேடம். “பாய்லர்ன்னு எழுதுனது சின்ன வெளாட்டு இல்ல. அங்க வேலை செய்யறவன் எத்தனை பேரு பயந்துகினு போயிருப்பான்?”

“காப்பாத்தச் சொல்லல மேடம். நான் செஞ்சத நான் சொல்லிடறேன்.” அவள் எழுந்து அந்தக் கறுப்புப் பெட்டியைக் கழற்றிக் கட்டைப் பையில் போட்டாள். அலமாரியிலிருந்து பித்தளைத் துண்டையும் எடுத்துப் போட்டாள்.

நாங்கள் நான்கு பேரும் ஒரே ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனோம். செல்வி ஒரு ஓரம், காயத்ரி ஒரு ஓரம், நடுவில் சைதா மேடம் சுவராக உட்கார்ந்தார். நான் டிரைவருக்குப் பக்கத்தில் பாதி உடம்பைத் தொங்கவிட்டு வந்தேன். வழியெல்லாம் செல்வியின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. சாபம் விடுகிறாள் என்று நினைத்தேன்.

ஸ்டேஷனில் காயத்ரி பையை மேசைமேல் வைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்திருந்த குணாவைப் பார்த்து, “நீ போலாம்பா,” என்றார்.

குணா எழுந்து சோம்பல் முறித்தான். காலையிலிருந்து இறங்கியிருந்த தோள் நிமிர்ந்தது. “நான் தலைபாடா அடிச்சிகினேன் சார், நீங்கதான் நம்பல,” என்றான். காயத்ரியைப் பார்த்துச் சிரித்தான். “அக்காளும் தம்பியும் ஒரே மாதிரி. ரெண்டுக்கும் அறிவு கெடையாது.”

காயத்ரி தலை நிமிரவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது. மேடம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

செல்வி மகனுக்குப் பக்கத்தில் போனாள். தலைப்பை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். நாஷ்டா துண்ணியா என்று கேட்கிற குரலில்தான் அதைக் கேட்டாள்.

“ஏன் கண்ணு, அந்தப் பையன் விஷயத்துல, அந்தத் தடுப்ப யாருடா கழட்டுனது?”

“இப்ப எதுக்கும்மா அது?”

“சும்மா சொல்லு நைனா. இவ வேற என்னென்னமோ சொல்றா. அம்மாவுக்குத் தெரிய வேணாமா?”

“நான்தாம்மா கழட்டச் சொன்னேன்,” என்றான் குணா. சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டே சொன்னான். “அன்னிக்கு லோடு போயாவணும். தடுப்பு இருந்தா மிஷின் மெதுவாத்தான் ஓடும். எல்லாக் கம்பெனியிலயும் நடக்கறதுதான். அவன் கைய பாத்து வெச்சிருக்கணும். வுடு, ஊட்டுக்குப் போலாம் வா. பசிக்குது.”

காயத்ரி மெல்ல முகத்தைத் தூக்கினாள். சைதா மேடம் என் முழங்கையை விட்டார். எத்தனையோ பேரைப் பேச வைத்தவர் அவர். இவ்வளவு மெதுவாக ஒருவனைப் பேச வைத்து நான் பார்த்ததில்லை.

செல்வி மகன் பக்கம் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள்.

“சார், காதுல வாங்கிக்கினீங்களா?”

குணா சிரித்தான். “யம்மா, இன்னா வெளாடுற?”

செல்வி நடந்து போய்ப் பெஞ்சில் காயத்ரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் இடம் விடவில்லை.

“இவ செஞ்சதுக்கு இவ பதில் சொல்லட்டும். இவன் செஞ்சத எழுதுங்க சார். அந்தப் பையன் சொன்னப்ப யாரும் நம்பல, அவன் அப்பன்கூட நம்பல. பெத்தவ நான் சொல்றேன். இப்ப நம்புவீங்க இல்ல?”

“யம்மா!” என்று குணா கத்தினான்.

இன்ஸ்பெக்டர் மூடி வைத்த பேனாவைத் திறந்து, அவனை மறுபடியும் உட்காரச் சொன்னார்.